22,300 என்ன? கிலோவா, இறாத்தலா?

போன எபிசோடில் கிம்லி விமானத்தின் கதையை இரண்டு நிமிடத்தில் ஓட்டிவிட்டோம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அது கிலோவுக்கும் இறாத்தலுக்கும் நடந்த குழப்பம் தானே, அதுக்குள்ள அடர்த்தி எங்க வந்தது?" நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். அதனால் இந்த வார மடல் முழுக்க அதுதான்.

வெயிட், மாஸ், டென்சிட்டி மூன்றையும் பள்ளிக்கூடத்தில் படித்தோம், சோதனை எழுதினோம், மறந்தோம். ஆனால் டேட்டாபேஸ், ஏபிஐ, சென்சர் என்று வேலை செய்கிற ஆட்களுக்கு இந்த மூன்றும் மறக்கக்கூடிய விஷயம் இல்லை. ஏனென்று பார்ப்போம்.

மொன்றியலில் ஒரு பெருக்கல்

1983 யூலை 23. எங்கள் வீடுகளில் அந்தத் திகதியை வேறொரு காரணத்துக்காக மறக்க மாட்டார்கள். அது வேறு கதை, மிகப் பெரிய கதை. அதே நாளில் கனடாவில் நடந்தது இது.

எயார் கனடாவின் 143ஆம் இலக்கப் பயணம் மொன்றியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்கு. விமானம் புத்தம் புதிய போயிங் 767. அந்தக் காலத்தில் கனடா இம்பீரியல் அளவுகளில் இருந்து மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தில் எரிபொருளைக் கிலோவில் கணக்கிட்ட முதல் விமான வகை இந்த 767தான். மற்ற விமானங்கள் எல்லாம் இன்னும் இறாத்தலில்.

அன்று எரிபொருள் காட்டும் திரை வேலை செய்யவில்லை. அந்தக் கருவிக்கு இரண்டு சானல்கள். ஒன்றில் சோல்டர் சரியாகப் பிடிக்கவில்லை. ஒன்று பழுதானால் மற்றது பொறுப்பெடுக்க வேண்டும். ஆனால் பழுதான சானல் முழுதாகச் சாகாமல் அரை உயிரோடு இருந்ததால் மாற்று சானல் உள்ளே வரவில்லை, திரை வெறுமையாகிவிட்டது. அந்த நிலையில் பறக்கக் கூடாது என்பதுதான் விதி. பராமரிப்புப் பிரிவு அனுமதித்துவிட்டது என்று கப்டன் பொப் பியர்சன் விளங்கிக்கொண்டிருந்தார்.

எனவே பழைய முறை: இறக்கைக்கு அடியில் இருக்கும் அளவுகுச்சியால் தாங்கியை அளப்பது. குச்சி தருவது உயரம். உயரத்தை அட்டவணையில் பார்த்தால் லீட்டர் வரும். தாங்கிகளில் இருந்தது 7,682 லீட்டர். எட்மன்டன் வரை போகத் தேவையானது 22,300 கிலோ. இன்னும் எத்தனை லீட்டர் நிரப்ப வேண்டும்?

இங்கேதான் அடர்த்தி வருகிறது. லீட்டர் என்பது கன அளவு, அதாவது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது. கிலோ என்பது எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது. ஒன்றில் இருந்து மற்றதற்குப் போக ஒரே பாலம் அடர்த்தி: ஒரு லீட்டருக்கு எத்தனை கிலோ?

அன்றைக்குப் பாவித்த எண் 1.77. கணக்கு இப்படிப் போனது:

7,682 × 1.77 = 13,597
22,300 − 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,917 லீட்டர்

பெருக்கல் சரி, கழித்தல் சரி, வகுத்தலும் சரி. ஆனால் 1.77 என்பது ஒரு லீட்டருக்கு இத்தனை *இறாத்தல்* என்கிற எண். பழைய விமானங்களுக்கு அதுவே சரியான எண். கிலோவில் அது 0.803. அதைப் போட்டிருந்தால்:

7,682 × 0.803 = 6,169
22,300 − 6,169 = 16,131
16,131 ÷ 0.803 = 20,088 லீட்டர்

20,000 லீட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000கூட நிரப்பவில்லை. விமானத்தில் உண்மையில் இருந்தது சுமார் 10,100 கிலோ. அதை இறாத்தலுக்கு மாற்றிப் பாருங்கோ: கிட்டத்தட்ட 22,300. கேட்ட எண் அப்படியே கிடைத்தது. அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய சொல்தான் மாறிவிட்டது.

கொம்பியூட்டர் ஏன் சொல்லவில்லை?

எங்களைப் போன்ற ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. விமானத்தின் ஃப்ளைட் மனேஜ்மென்ட் கொம்பியூட்டர் ஒழுங்காகவே வேலை செய்தது. அளவுக் கருவி இல்லாததால் 22,300 என்று கையால் பதிந்தார்கள். எஞ்சின்கள் எரித்ததை அது சரியாக அளந்து, அந்த எண்ணில் இருந்து சரியாகக் கழித்துக்கொண்டே போனது. திரையில் கடைசி வரை போதியளவு எரிபொருள் இருந்தது, தாங்கியில் இல்லை. கோடில் ஒரு பிழையும் கிடையாது. உள்ளே போன எண்ணை நம்பியது, அவ்வளவுதான்.

ஒட்டாவாவில் இறங்கியபோது இன்னொரு முறை குச்சியால் அளந்து பார்த்தார்கள். மறுபடியும் அதே 1.77 ஆல் பெருக்கினார்கள், விடை பொருந்தியது. ஒரே தவறான எண்ணை வைத்து இரண்டு தரம் சோதித்தால் இரண்டு தரமும் பாஸ்தான் வரும். டெஸ்ட் எழுதும்போது, சோதிக்கப்படும் கோடில் இருக்கிற அதே கொன்ஸ்டன்டை டெஸ்டும் இறக்குமதி செய்தால் என்ன நடக்குமோ, அதுவே இங்கும் நடந்தது.

இன்னொன்றும் உண்டு. பழைய விமானங்களில் எரிபொருள் கணக்கைப் பார்க்கவென்று ஃப்ளைட் எஞ்சினியர் என்று மூன்றாவது ஆள் இருந்தார். 767 இரண்டு விமானிகளோடு பறப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. மூன்றாவது ஆள் போனார், அவர் செய்த கணக்குக் கையில் மிஞ்சியது. அது இனி யாருடைய பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லவில்லை என்பதை விசாரணை பிறகு சுட்டிக்காட்டியது.

ஒன்ராறியோவின் ரெட் லேக் அருகே, 41,000 அடி உயரத்தில், முதல் எச்சரிக்கை மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றது, பிறகு மற்றதும். எஞ்சின் இல்லையென்றால் மின்சாரமும் இல்லை, திரைகள் அணைந்தன. காற்றில் சுழலும் ஒரு சிறிய அவசரச் சுழலி மட்டும் வெளியே வந்து, விமானத்தைத் திருப்பத் தேவையான ஹைட்ரோலிக் அழுத்தத்தைக் கொடுத்தது.

வின்னிபெக் வரை போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது. துணை விமானி மொரிஸ் கென்ரல் முன்பு விமானப்படையில் வேலை செய்த கிம்லி தளம் கிட்ட இருந்தது. அது மூடப்பட்டுவிட்டது என்று தெரியும். அதன் ஓடுபாதை கார்ப் பந்தயத் திடலாகிவிட்டதும், அன்றைக்கு அங்கே கார்க் கழகத்தின் குடும்ப நாள் நடக்கிறதும் தெரியாது. பியர்சன் பொழுதுபோக்காகக் கிளைடர் ஓட்டிப் பழகியவர். உயரம் கூடுதலாக இருந்ததால், கிளைடர்காரர் செய்வதுபோல விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து வேகம் ஏறாமல் உயரத்தைக் குறைத்தார். எரிபொருள் தீர்ந்து 17 நிமிடங்களில் நிலத்தில் இறக்கினார். முன் சக்கரம் மடிந்து மூக்கு உரசியதில் விமானம் விரைவாக நின்றது. உள்ளே இருந்த 69 பேரும் தப்பினார்கள். கீழே நின்றவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. விமானத்தைத் திருத்தினார்கள், அது 2008 வரை பறந்தது.

தண்ணீரில் மிதக்குமா?

இப்போது 1.77 என்ற எண்ணைத் திரும்பப் பாருங்கோ. ஒரு லீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ. இந்த ஒன்றை மட்டும் தலையில் வைத்திருந்தால் போதும். ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய்க் குடும்பம். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும், ஊரில் விளக்குப் போத்தல் கழுவிய எந்த அம்மம்மாவுக்கும் தெரியும். மிதக்கிறதென்றால் அதன் ஒரு லீட்டர் ஒரு கிலோவிலும் குறைவாகத்தான் இருக்க முடியும். லீட்டருக்கு 1.77 கிலோ என்றால் அது கல்லுப் போல அடியில் போய் நிற்க வேண்டும். ஆகவே 1.77 கிலோவாக இருக்கவே முடியாது. இறாத்தலில் எண்டால் சரி, ஏனென்றால் ஒரு லீட்டர் தண்ணீரே 2.2 இறாத்தல்.

அடர்த்தி என்பது பொருளின் குணம். ஒரு போத்தல் எண்ணெய்க்கும் ஒரு தாங்கி எண்ணெய்க்கும் திணிவு வேறு, கன அளவு வேறு, ஆனால் அடர்த்தி ஒன்று. அதனால்தான் அது நல்ல காவலாளி. யார் என்ன எண் கொண்டுவந்தாலும் "இது இந்தப் பொருளுக்கு நடக்கக்கூடியதா?" என்று கேட்க முடியும்.

அடுப்படியிலும் இதுவே கதை. ஒரு சுண்டு அரிசியும் ஒரு சுண்டு அரிசி மாவும் ஒரே கன அளவு, தராசில் போட்டால் ஒன்றல்ல. மாவை அமத்தி அள்ளினால் ஒரு கணக்கு, அரித்துப் போட்டால் இன்னொரு கணக்கு. அம்மா சொல்கிற "ரெண்டு சுண்டு" உங்கள் கையில் சரிவராததற்குப் பாதிக் காரணம் இது.

அப்படியென்றால் விமானக்காரர் ஏன் லீட்டரோடு நிற்காமல் கிலோவுக்குப் போகிறார்கள்? எரிபொருள் சூட்டில் விரியும், ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம். 30 பாகை வித்தியாசத்தில் 3 சதவீதம். குளிர்கால வின்னிபெக்கில் நிரப்பிய ஒரு லீட்டரிலும் கோடைகால டுபாயில் நிரப்பிய ஒரு லீட்டரிலும் இருக்கும் எரிபொருள் ஒன்றல்ல. எஞ்சினுக்குக் கிடைக்கும் சக்தி கிலோவைப் பொறுத்தது. இறக்கைகள் தூக்க வேண்டியதும் அதையே பொறுத்தது.

நிறை என்றால் எது?

இனி திணிவுக்கும் வெயிட்டுக்கும் வருவோம். இங்கே எங்களுக்கு மட்டும் சொந்தமான ஒரு வில்லங்கம் இருக்கிறது.

இலங்கைப் பாடப்புத்தகத்தில் மாஸ் என்றால் *திணிவு*, வெயிட் என்றால் *நிறை*. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் மாஸ் என்றால் *நிறை*, வெயிட் என்றால் *எடை*. அடர்த்தி மட்டும் இரண்டிலும் அடர்த்திதான். யாழ்ப்பாணத்தில் படித்த அம்மாவும் திருச்சியில் படித்த மாமியும் ஒரே மேசையில் இருந்து பிள்ளைக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தால், "நிறை" என்று இருவரும் சொல்வார்கள், இருவரும் சரியாகச் சொல்வார்கள், பிள்ளைக்கு விடை பிழைக்கும். இரண்டு சிஸ்டம், ஒரே ஃபீல்ட் பெயர், வேறு வேறு அர்த்தம். எங்கள் மொழிக்குள்ளேயே ஒரு கிம்லி. இந்த மடலில் நான் திணிவு, வெயிட் என்றே எழுதுகிறேன், சண்டை வேண்டாம்.

திணிவு: ஒரு பொருளில் எவ்வளவு பொருள் இருக்கிறது, அதைத் தள்ளினால் அசைய எவ்வளவு மறுக்கும். அளவு கிலோ. வெயிட்: அந்தத் திணிவைப் பூமி இழுக்கும் விசை. அளவு நியூட்டன். 60 கிலோ உள்ள ஒருவருக்குப் பூமியில் வெயிட் சுமார் 589 நியூட்டன். சந்திரனில் சுமார் 97. திணிவு இரண்டு இடத்திலும் 60 கிலோதான்.

"குளியலறைத் தராசு கிலோ தானே காட்டுது?" என்று கேட்பீர்கள். அது அளப்பது விசையை. பிறகு பூமியின் ஈர்ப்பு இவ்வளவு என்று வைத்துக்கொண்டு கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. அதே தராசைச் சந்திரனில் வைத்தால் 10 கிலோ என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை, அதற்குள் எழுதி வைத்த கொன்ஸ்டன்ட் அந்த ஊருக்குப் பொருந்தவில்லை.

சந்திரன் வரை போகவும் தேவையில்லை. ஈர்ப்பு துருவத்தில் கூட, நடுக்கோட்டில் குறைவு, மொத்த வித்தியாசம் சுமார் 0.5 சதவீதம். ரொறொன்ரோவில் சரிபார்த்த ஒரு மின்தராசை அப்படியே கொழும்புக்குக் கொண்டுபோனால் சுமார் 0.2 சதவீதம் குறைத்துக் காட்டும். 100 கிராம் தங்கத்தில் 0.2 கிராம். அதனால்தான் நகைக்கடைத் தராசுகளை வைத்திருக்கும் இடத்திலேயே சரிபார்க்கிறார்கள். பழைய இரு தட்டுத் தராசுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. ஒரு தட்டில் தங்கம், மறு தட்டில் படிக்கல். ஈர்ப்பு குறைந்தால் இரண்டுக்கும் சேர்ந்தே குறையும். அது உண்மையிலேயே திணிவை ஒப்பிடுகிறது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இரண்டு தராசும் வேலைக்காகாது. அங்கே ஈர்ப்பு இல்லை என்பது தவறு, 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. ஆளும் தராசும் நிலையமும் ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதால் தராசில் அழுத்த ஒன்றும் இல்லை. ஆனால் விண்வெளி வீரரின் உடம்பு மெலிகிறதா என்று பார்த்தாக வேண்டும். அதனால் அவரைத் தெரிந்த ஒரு விசையால் இழுத்து, எவ்வளவு வேகமாக நகர்கிறார் என்று அளந்து திணிவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

விசையையும் திணிவையும் ஒரே சொல்லால் அழைப்பதால் வந்த நட்டமும் உண்டு. ஆங்கிலத்தில் பவுண்ட் இரண்டுக்கும் ஓடும். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓபிட்டர் 1999 செப்டெம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது தொலைந்தது. சிறு உந்துதல்களைக் கணக்கிட்ட தரை மென்பொருள் பவுண்ட் விசையில் எழுதியது, வாசித்த மென்பொருள் நியூட்டன் என்று நினைத்தது. வித்தியாசம் 4.45 மடங்கு. கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயின் காற்றுமண்டலத்துக்குள் போய்விட்டது.

பார்சலும் ஒரு டேட்டாபேஸ்தான்

இதெல்லாம் விமானம், ராக்கெட், எனக்கென்ன என்று விடாதீர்கள். ஊருக்குப் பார்சல் அனுப்பியிருப்பீர்கள். 60 × 50 × 40 சென்டிமீட்டர் பெட்டியில் பிள்ளைகளின் உடுப்பும் பொம்மையும், தராசில் 6 கிலோ. பில்லில் 24 கிலோ. ஏமாற்று இல்லை. கூரியர்கள் பெட்டியின் கன சென்டிமீட்டரை 5,000 ஆல் வகுத்து "வொலுமெட்ரிக் வெயிட்" என்று ஒன்றை எடுப்பார்கள். 1,20,000 ÷ 5,000 = 24. உண்மையான கிலோ, இந்தக் கிலோ, எது கூடவோ அதற்குக் காசு.

அந்த 5,000 ஒரு அடர்த்தி. ஐந்து லீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது லீட்டருக்கு 0.2 கிலோ. அதைவிட அடர்த்தி குறைந்த பெட்டிக்கு இடத்துக்குக் காசு, கூடிய பெட்டிக்குக் கிலோவுக்குக் காசு. 12 கிலோ புத்தகத்தைத் தனிச் சின்னப் பெட்டியில் அனுப்பினால் மொத்தம் 24 + 12 = 36 கிலோவுக்குக் கட்ட வேண்டும். புத்தகங்களைப் பொம்மைகளுக்கு நடுவே செருகி ஒரே பெட்டியாக்கினால் உண்மையான கிலோ 18, பில் 24தான். கப்பலில் பெரும்பாலும் கன அளவுக்கே காசு என்பதால் அங்கே பாரமானதைப் போடுங்கோ.

லொஜிஸ்டிக்ஸ் கொன்ட்ராக்ட் ஒன்றில் நான் பார்த்த டேபிளில் "வெயிட்" என்று ஒரு கொலம் இருந்தது. ஒரு கிளையில் தராசில் வந்ததைப் பதிந்தார்கள், இன்னொரு கிளையில் பில்லுக்கான கிலோவைப் பதிந்தார்கள். இரண்டும் கிலோ. எந்த யூனிட் சோதனையும் பிடிக்காது. லொறியில் எவ்வளவு ஏற்றலாம் என்று கணக்கிட்ட ரிப்போர்ட் அந்தக் கொலத்தைத்தான் கூட்டியது. பொம்மைப் பெட்டிகளால் லொறி நிறைந்தால் திரையில் பாரம் கூடுதலாகத் தெரியும், அது பரவாயில்லை. பில் தொகை திருத்தப்பட்டு எண் குறைந்த பெட்டிகள் போனால் லொறியின் அச்சில் உண்மையில் எவ்வளவு பாரம் என்று யாருக்கும் தெரியாது. ஓட்டுகிறவர் அதை நம்பித்தான் நெடுஞ்சாலையில் பிரேக் போடுகிறார்.

ஆகவே நான்கு விஷயம்.

ஒன்று, எண்ணையும் யூனிட்டையும் பிரிக்காதீர்கள். கொலத்தின் பெயரிலேயே கிலோ என்று எழுதுங்கோ. பைத்தானில் பின்ட் என்ற லைப்ரரி இருக்கிறது, எஃப் ஷார்ப் மொழிக்குள்ளேயே யூனிட் வசதி இருக்கிறது.

இரண்டு, யூனிட் மட்டும் போதாது. தராசுக் கிலோவா, பில் கிலோவா என்று பெயர் சொல்ல வேண்டும்.

மூன்று, மாற்றும் எண்ணுக்கு எல்லை போடுங்கோ. ஜெட் எரிபொருளின் அடர்த்தி லீட்டருக்கு 0.7க்கும் 0.9க்கும் வெளியே போனால் கணக்கை நிறுத்து. ஒரே ஒரு வரிக் கோட். 1.77 அதைத் தாண்டியிருக்காது.

நான்கு, சோதனை வேறு வழியால் வர வேண்டும். தாங்கியில் எத்தனை லீட்டர் நிரப்பினோம், முந்தைய நாள் இதே பயணத்துக்கு எத்தனை நிரப்பினார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே கண்ணில் பட்டிருக்கும்.

இந்த வாரம் உங்கள் வேலையில் இருக்கும் ஏதாவது ஒரு டேபிளைத் திறந்து "வெயிட்" என்ற கொலம் இருக்கிறதா பாருங்கோ. இருந்தால் மூன்று பேரிடம் அது என்னவென்று கேளுங்கோ. மூன்று பதில் வந்தால் எங்களுக்கு எழுதிவிடுங்கோ, நிறுவனத்தின் பெயர் வேண்டாம், கதை போதும். வீட்டில் அம்மா அப்பாவிடமும் "நிறை எண்டா என்ன?" என்று கேட்டுப் பாருங்கோ. அடுத்த எபிசோடில் கணக்கெடுப்போம்.